கல் எழுந்து வீட்டுக்கு வந்த கதை

ப்ளக்… ப்ளக்… என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? பயப்பட வேண்டாம், பசை கொதிக்கிறது. அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. வெளியே அந்த வெயிலில் நடந்துவிட்டு இந்த அறைக்குள் நுழைகிற யாருக்கும் கண் தெரியாது. சன்னலெல்லாம் அடைத்து வைத்திருக்கிறேன். பகலில் தூங்குகிறவன் வீடு. இங்கே முதலில் காது, அப்புறம்தான் கண். இப்போது தெரிகிறதா? அது நாற்காலி. அதில் உட்காராதீர்கள், அட்டை காய்கிறது. இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் ரூபிகாவோடு ஒரே ஆபீஸா? சரி. மதுரைக்கு ஒரு வேலையாக வந்தீர்கள், அவள் ‘அப்படியே எங்க வீட்டுக்குப் போய் என் புக்கையெல்லாம் வாங்கிட்டு வந்துருங்க’ என்றாள். அப்படியே! மதுரையிலிருந்து சிவகாசி என்ன அடுத்த தெருவா? நீங்களும் மாட்டேன் என்று சொல்லவில்லை பாருங்கள். நல்ல பிள்ளை. பை கூடப் பெரிய பையாகத்தான் இருக்கிறது. அளவு சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கேட்டீர்களா, உள்ளேயிருந்து குரல்? ‘வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணியக் குடுங்க, மேடைப் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்’ என்கிறாள். என் வீட்டுக்காரி, முருகேஸ்வரி. இந்தப் பசையை அடுப்படிக்குள் கொண்டுபோக விடமாட்டாள். ‘என் அடுப்புல பசையை ஏத்துனா அதையே சோறாப் போடுவேன்’ என்பாள். அதனால்தான் முன்னறையில் தனி அடுப்பு. நான் பிரஸ்ஸில் பைண்டிங், எப்போதும் நைட் ஷிஃப்ட். பகலில் தூக்கம் வராத நேரத்தில் இப்படிப் பள்ளிக்கூடத்து அகராதி, கோயில் பஞ்சாங்கம், கிழிந்தது, நைந்தது என்று வருவதைக் கட்டிக் கொடுப்பேன். தூக்கம் வராத நேரம் இப்போது ரொம்ப அதிகம், அது வேறு.

புத்தகம் தருகிறேன். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதோ அந்த அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறதே, கருநீல முதுகு, ஏழும் ஒரே உயரம், அதுதான். எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்க வேண்டும். நீங்கள் இதெல்லாம் படிப்பீர்களா? இந்த ஜப்பான்காரன் படக்கதை? படிப்பீர்களா! அப்படியானால் உட்காருங்கள். எனக்கு ஒரு நியாயம் தெரிய வேண்டியிருக்கிறது. ஒரு வருஷமாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். பிரஸ்ஸில் கேட்டால், ‘அண்ணாச்சிக்குத் தூக்கம் கெட்டு மண்டை கலங்கிருச்சு’ என்கிறான்கள்.

அவள் அலமாரியை நான் முதலில் தொட்டதே இல்லை. அவள் வேலைக்குச் சென்னை போன பிறகு ஒருநாள் பகலில் புரண்டுகொண்டு கிடந்தேன். சரி, இந்தப் பிள்ளை அப்படி என்னதான் படித்தது பார்ப்போம் என்று ஒன்றை உருவினேன். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷ் எல்லாம் பைண்டிங்குக்கு வந்த ஒரு பெரிய அகராதியில் நானாகக் கற்றது. அது இரண்டு பாகம். முதல் பாகம்தான் என்னிடம் வந்தது, அடுத்ததை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அதனால் எனக்கு ‘எம்’ எழுத்து வரைக்கும் பலம், அதற்கப்புறம் கொஞ்சம் தடுமாற்றம். சிரிக்காதீர்கள், உண்மை. முட்டி மோதிப் படித்துவிடுவேன்.

முதலில் படித்தது மந்திரவாதிக் கதை. படமில்லாத கதை, தலையணை மாதிரி. அதில் ஒரு கிழட்டு மந்திரவாதி. ஒவ்வொரு மந்திரம் போடும்போதும் அவனுக்கு ஒரு ஞாபகம் போய்விடும். மழையை வரவழைத்தால் அம்மாவின் குரல் போயிற்று. தீயை அணைத்தால் பொண்டாட்டி பேர் போயிற்று. கடைசியில் பெரிய படை வருகிறது, ஒற்றை ஆளாக ஊரைக் காப்பாற்றிவிடுகிறான். ஊரே கூடி மாலை போடுகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். இவன் தெருவில் நிற்கிறான். எந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று தெரியவில்லை. தம்பி, நான் புத்தகத்தை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன். எவனோ எந்த ஊரிலோ இருக்கிறவன், விடியக்காலை ஷிஃப்ட் முடித்து வருகிறவன் நெஞ்சை எப்படிப் பார்த்தான்?

எல்லாம் அப்படி இல்லை. சிலதெல்லாம் சுத்தப் புளுகு. அரண்மனையில் ஆயிரம் பேருக்கு விருந்து என்று ஒருவன் எழுதுகிறான். மறுநாள் காலையில் எல்லோரும் குதிரையேறிப் போய்விடுகிறார்கள். பாத்திரம் யார் கழுவினது? ஒரு வரி இல்லை. டிராகன் குகையில் நூறு வருஷமாக இருக்கிறது, அதன் சாணி எங்கே போயிற்று? முருகேஸ்வரியிடம் கேட்டேன். ‘அதை அள்ளவும் ஒரு பொம்பளை இருந்திருப்பா, அவளை எழுதியிருக்க மாட்டாங்க’ என்றாள். சரியான பதில். இன்னொன்றில் ஒரே இடத்தில் இரண்டு ஊர். பகலூர், இரவூர். ஒரே தெரு, ஒரே வீடு, ஆனால் பகலூர்க்காரனும் இரவூர்க்காரனும் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது, அப்படி ஒரு சாபமாம். அதைக் காப்பாற்ற ஒரு இளவரசன் வருகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு எதற்கப்பா சாபம்? எங்கள் வீட்டுக்கு வந்து பார். இவள் தீப்பெட்டி ஆபீஸில் பகல் வேலை, நான் ராத்திரி. வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டுவோம்.

பிள்ளையை நான் பார்த்ததெல்லாம் தூங்குகிற முகம்தான். நான் வரும்போது தூங்குவாள். நான் எழுந்திருக்கும்போது டியூஷன் போயிருப்பாள். லீவு நாளில் நான் தூங்குவேன், அவள் இந்த அலமாரி மூலையில் உட்கார்ந்து படிப்பாள். ‘அப்பா தூங்குறார், சத்தம் போடாதே’ என்பது இந்த வீட்டில் சாமி கும்பிடுகிற மாதிரி. ஆடக் கூடாது, பாடக் கூடாது, டி.வி. கூடாது. சத்தமே இல்லாமல் செய்யக்கூடியது படிப்பு ஒன்றுதானே? அப்படித்தான் அவளுக்குப் படிக்கிற பழக்கம் வந்தது. அந்த வகையில் அவளை வாசிக்கப் பழக்கியது நான்தான் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவேன்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? இதோ சேவு வந்துவிட்டது. சாத்தூர் சேவு. அடேயப்பா, உளுந்து வேறு கிரைண்டரில் ஓடுகிறதே. வடையா? ஆபீஸ் பையன் ஒருவர் வந்ததற்கு வடை சுடுகிறாள். என் மச்சினன் வந்தால் கூடக் கடுங்காப்பிதான். சாப்பிடுங்கள், உங்கள் யோகம்.

எதில் விட்டேன்? ஆமாம், அந்தக் கருநீல ஏழு, கல்மனிதன் கதை.

உங்களுக்கு அந்தக் கதை தெரியும் என்கிறீர்கள். இருக்கட்டும், நான் படித்த மாதிரி கேளுங்கள். இந்த ஏழு புத்தகத்தையும் முதலில் கையில் எடுத்தபோது என்ன பார்த்தேன்? அட்டை பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் வர வேண்டிய படம், தலைப்பு எல்லாம் பின்னால். ஏழிலும் அப்படியே. எனக்கு வயிறு எரிந்துவிட்டது. பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறது, எவனோ ஒரு தூங்குமூஞ்சி பைண்டர் ஏழு புத்தகத்துக்கும் அட்டையைத் திருப்பி ஒட்டிவிட்டான் என்று நினைத்தேன். எங்களுக்குள் அப்படி நடக்கும். விடிகிற நேரத்தில் கண் சொருகும், ஒரு கட்டு முழுக்கத் தலைகீழாய்ப் போய்விடும். சரி, கதையைப் படிப்போம், அட்டையைப் பிறகு கவனிப்போம் என்று நம் வழக்கப்படி இடப்பக்கம் திறந்தேன். முதல் தாளில் ஏதோ ‘நில்’ என்று பெரிதாக ஓர் அறிவிப்பு. அறிவிப்பு என்றால் நான் படிக்கிறதில்லை தம்பி. ஊரெல்லாம் அறிவிப்பு. இங்கே நிற்காதே, அங்கே துப்பாதே. விளம்பரம் என்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

பக்க எண் பாதித் தாளில் இல்லை, படம் விளிம்பு வரைக்கும் ஓடுகிறது. இருக்கிற எண்ணும் இறங்குவரிசையில் வருகிறது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ராக்கெட் விடுகிறவன் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டு போகிறான், ஒன்று வந்ததும் என்னமோ வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். பட்டாசு ஊர்க்காரனுக்கு வேறு எப்படித் தோன்றும்? புத்தகத்தையும் ஏழாவதிலிருந்துதான் ஆரம்பித்தேன். எண்ணிக்கை இறங்க வேண்டுமே!

கதை எப்படி ஆரம்பித்தது தெரியுமா? ஓர் ஆறு. பேச்சே இல்லை. மழை. பக்கம் பக்கமாக மழை மட்டும். இதென்ன காகிதத்துக்குக் கேடு என்று முதலில் நினைத்தேன். ஆனால் ராத்திரி மிஷினை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் வெளியே நின்றால் அப்படித்தான் இருக்கும், ஒன்றும் நடக்காது, அது பாட்டுக்குப் பெய்யும். அக்கரையிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை வருகிறது, கையில் ஒரு விளக்கு. பேர் என் வாயில் நுழையாது. விளக்குப் பிள்ளை என்று வைத்துக்கொண்டேன். ஆற்றில் கிடக்கிற கற்கள் மேல் கால் வைத்து வைத்து இந்தக் கரைக்கு வந்துவிடுகிறது. வந்து, திரும்பி, அந்தக் கற்களைப் பார்த்து அழுகிறது. அழ அழ, கற்கள் அசைகின்றன. ஒன்றோடொன்று சேர்கின்றன. ஒரு குவியல் எழுந்து உட்காருகிறது. முகம் வருகிறது. அடுத்த புத்தகத்தில் ஒரு கை முளைக்கிறது. அதற்கடுத்ததில் காது, விரல். இரண்டு பேரும் நடக்கிறார்கள். மலை, காடு, பனி. கல்மனிதன் ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் இன்னும் கொஞ்சம் முழுசாகிறான். காயம் மூடுகிறது. உடம்பில் தைத்த அம்பெல்லாம் தானாகக் கழன்று பறந்து எய்தவன் வில்லுக்கே போய்விடுகிறது! அப்படி ஒரு கற்பனையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு வீடு. கல்மனிதன் வாசலில் ஓரமாக நிற்கிறான், காவலுக்கு. பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. கதவின் கீழே விளக்கு வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது. அவ்வளவுதான். முடிந்தது.

தம்பி, நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். முருகேஸ்வரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ‘யாரும் செத்துட்டாங்களா’ என்று கேட்டாள். ‘இல்லடி, வீட்டுக்கு வந்துட்டாங்க’ என்றேன்.

பேச்சு கொஞ்சம் முன்னுக்குப் பின்னாகத்தான் இருந்தது. ‘இல்லை, வலிக்கவில்லை’ என்று கல்மனிதன் முதலில் சொல்லுவான். அப்புறம் பிள்ளை, ‘வலிக்கிறதா?’ என்று கேட்கும். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ‘சோறு அடுப்புமேல இருக்கு’ என்று காலையில் இவள் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ‘சோறு எங்கே’ என்று நான் சாயங்காலம் கேட்பேன். பதில் முதலில் வரும், கேள்வி அப்புறம் வரும்.

அப்பேர்ப்பட்ட கதைக்கு அட்டை தப்பாக இருக்கலாமா? நீங்களே சொல்லுங்கள். காலண்டர் சீசன் முடிந்து கையில் கொஞ்சம் நேரம் இருந்தது. ஏழையும் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். பழைய அட்டையைப் பிரித்தேன். கனமான அட்டை, பசை ஏறுகிற பக்கத்துக்குக் கருநீல ரெக்சின் முதுகு, முன்னால் படத்தை வெட்டி நடுவில் ஒட்டினேன், நம் பக்கம், சரியான பக்கம். ஓரங்கள் அழுக்கேறி ஏறுமாறாக இருந்தன. கட்டிங் மிஷினில் பிளேடு மாற்றுகிற நாள் பார்த்துக் காத்திருந்தேன். சாணை பிடித்த பிளேடில் முதல் வெட்டு இருக்கிறதே, அது வெண்ணெய் மாதிரி இறங்கும். எந்த முதலாளி ஆர்டருக்கும் அதைக் கொடுக்கவில்லை, என் பிள்ளை புத்தகத்துக்குக் கொடுத்தேன். மூன்று பக்கமும். தொட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கும்.

இந்தாருங்கள், ஏழாவது. பாருங்கள்.

ம்… நீங்களும் வலப்பக்கமிருந்துதான் திறக்கிறீர்கள். அவளும் அப்படித்தான் திறந்தாள்.

பங்குனிப் பொங்கலுக்கு, எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு, வந்திருந்தாள். நான் தூங்காமல் காத்திருந்தேன். புத்தகங்களைத் தாளில் சுற்றி, இந்த மேஜைமேல் வைத்து, ‘கண்ணை மூடிட்டு வா’ என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், பொங்கலுக்கு வந்ததே ஏதோ பேசத்தான் போலிருக்கிறது. ஆபீஸில் யாரோ ஒருவர், நாகர்கோவில் பக்கம், வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன், அது இது என்று ஆரம்பித்தாள். ‘அதெல்லாம் அப்புறம், மொதல்ல இதைப் பிரி’ என்றேன். பிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் தடவினாள்.

‘முதுகு எங்கப்பா?’

‘இதுதான்டா முதுகு. ரெக்சின். நூறு வருசம் தாங்கும்.’

‘பழைய முதுகு எங்கப்பா?’

பழைய முதுகு குப்பையில். அதில் என்ன இருக்கிறது? அப்புறம்தான் சொன்னாள். ஏழு புத்தகத்தையும் வரிசையாக நிறுத்தினால் முதுகெல்லாம் சேர்ந்து ஒரே படமாம். ஒரு நீளப் பாதை, அதில் பிள்ளையும் கல்மனிதனும் நடந்து போகிற மாதிரி. எனக்கு எப்படித் தெரியும்? முதுகில் எவனாவது படம் வரைவானா? முதுகு பசைக்கு உள்ள இடம். அப்புறம் உள்ளே புரட்டிப் பார்த்து, ‘ஓரத்தை வெட்டியிருக்கீங்களா?’ என்றாள். பெருமையாகச் சொன்னேன், முதல் வெட்டு என்று. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கத்தைக் காட்டினாள். விளக்குப் பிள்ளையின் கை பாதி இல்லை. விளக்கு இல்லை. வெட்டில் போய்விட்டது.

‘இது வலமிருந்து படிக்கணும்பா. ஜப்பான்ல அப்படித்தான். இந்தப் பக்கம் தொறக்காதேன்னுதான் மொதத் தாள்லயே ‘நில்’னு போட்டிருந்துச்சு. அட்டை தப்பா இல்லப்பா, சரியாத்தான் இருந்துச்சு.’

நான் விடவில்லை. நான் படித்த மாதிரியே கதை முழுவதையும் அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். ‘எப்படியும் ஒரே கதைதானே, எந்தப் பக்கமிருந்து படிச்சா என்ன’ என்றேன். அப்போது ஒரு வார்த்தை சொன்னாள். ‘நீங்க எதையுமே சும்மா பாக்க மாட்டீங்களாப்பா? திருத்தத்தான் செய்வீங்களா?’ என்றாள். ஒரு புத்தகத்துக்காக அப்பனைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? இருபத்திரண்டு வயது, வேலைக்குப் போகிற பிள்ளை. அன்றைக்கு ராத்திரி எனக்கு ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தேன். எழுந்தால் ஆள் இல்லை. அதோடு சரி. அம்மாவோடு பேசுகிறாள், என் போனை எடுப்பதில்லை. பேசாமல் போய்விட்டாளே, எழுப்பியிருக்கலாமே என்றேன் இவளிடம். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? ‘எழுப்பாதேன்னு சொல்லித்தானே வளத்தீங்க’ என்றாள்.

எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை தம்பி. படக்கதைப் புத்தகத்துக்காகவா ஒரு பிள்ளை அப்பனோடு ஒரு வருஷம் பேசாமல் இருக்கும்?

அவள் போன பிறகு, சரி, வலமிருந்துதான் பார்ப்போமே என்று ஏழையும் மறுபடி படித்தேன். அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். அதுதான் நியாயம். வலமிருந்து படித்தால் என்ன நடக்கிறது? பிள்ளை கதவைத் திறந்துகொண்டு கிளம்புகிறது. வாசலில் நிற்கிற கல்மனிதன், அதுவரை ஒருநாளும் நகராதவன், அதன் பின்னாலேயே இறங்கிவிடுகிறான். வழியெல்லாம் உடைகிறான். ஒரு விரல், ஒரு காது, ஒரு கை. பிள்ளை, ‘வலிக்கிறதா?’ என்று கேட்கிறது, இவன், ‘இல்லை, வலிக்கவில்லை’ என்கிறான். வரிசை சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதால்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் ஆற்றில் இறங்கி, அப்படியே பொலபொலவென்று கல்லாகக் கொட்டிவிடுகிறான். அந்தக் கல்மேல் மிதித்து அந்தப் பிள்ளை அக்கரை போகிறது. மழை. பக்கம் பக்கமாக மழை.

இது என்ன கதை? ஒரு பிள்ளை போக வேண்டுமென்றால் வாசலில் நின்றவனை இப்படித் துண்டு துண்டாகவா உடைக்க வேண்டும்? எழுதினவனுக்குப் பிள்ளை இருக்கிறதா? அவன் முகவரி கிடைத்தால் எழுதிக் கேட்பேன். ‘எம்’ வரைக்கும் உள்ள எழுத்தை வைத்தாவது கேட்பேன். அன்றையிலிருந்து பகல் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கல் கொட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தை மட்டும் இங்கிலீஷில் மாற்றாமல் ஜப்பான் எழுத்திலேயே பெரிதாக வைத்திருக்கிறார்களே, படிக்கத் தெரியாது எனக்கு, ஆனால் கேட்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், நான் படித்த பக்கம்தான் சரியான பக்கம். கல் எழுந்து வீட்டுக்கு வர வேண்டும். பிள்ளை வீட்டுக்குள் போக வேண்டும்.

என்ன? அவள் உங்களிடம் இதைச் சொன்னாளா? நான் தலைகீழாகப் படித்ததையா? கல் எழுந்து வருகிற கதையை, அப்படியே, அம்பு வில்லுக்குத் திரும்புவது வரைக்கும்? எப்படிச் சொன்னாள்? கோபமாகவா, சிரித்துக்கொண்டா?

ரெண்டுமா. சரி.

சரி.

இப்போது உண்மையைச் சொல்கிறேன் தம்பி. இந்த ஏழையும் உங்களிடம் கொடுத்துவிடுவதில் எனக்கு என்ன தயக்கம் தெரியுமா? இந்த அலமாரியில் அவளுடையது என்று இது ஒன்றுதான் மிச்சம். உடுப்பு, மற்றப் புத்தகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அம்மா கை வழியாகப் போய்விட்டது. இதுவும் போய்விட்டால் அவள் இந்த வீட்டுக்கு எதற்கு வர வேண்டும்? நீங்கள் காலிப் பையோடு வாசலில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகம் கேட்கவில்லை, கணக்கு முடிக்கச் சொல்கிறாள் என்று.

அப்படி இல்லையா? அப்படியென்றால் எதற்கு அனுப்பினாள்? சும்மா என்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாளா? என்னையா? என்னைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அது கிடக்கட்டும். நீங்கள் எட்டாவது புத்தகம் படித்திருக்கிறீர்களா? வந்துவிட்டதா! எனக்குத் தெரியாதே. ஏழோடு முடிந்தது, ஆற்றோடு முடிந்தது என்று அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஆகிறது? சொல்லுங்கள். முழுசாக வேண்டாம், பிள்ளை என்ன ஆகிறது என்று மட்டும்.

திரும்பி வருகிறாளா?

இருங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். அக்கரையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். தனியாக இல்லை. கூட ஒருவன். எப்படிப்பட்டவன்? படகு ஓட்டுகிறவனா. சரி. ஆற்றைத் தாண்டி, மலை தாண்டி, அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். வாசலில் காவல் இல்லை, கல்மனிதன் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது. கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. இரண்டு பேரும் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம்?

ஒன்பதாவது இன்னும் வரவில்லையா.

இதை எனக்காகச் சொல்கிறீர்களா, இல்லை உண்மையிலேயே அவன் அப்படித்தான் எழுதியிருக்கிறானா? சும்மா சிரிக்கிறீர்கள். வேர்க்கிறது வேறு உங்களுக்கு. ஃபேனைக் கூட்டுகிறேன். உங்கள் பேச்சு… ஆரம்பத்திலிருந்தே கவனித்தேன், அந்த இழுவை, ‘வாறா, போறா’ என்கிறது. எந்த ஊர்? இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பெயரைக் கேட்கவில்லை பாருங்கள்.

ஜெபின்.

தக்கலை. நாகர்கோவில் பக்கம்.

கிரைண்டர் நின்றுவிட்டது, கவனித்தீர்களா? உளுந்து அதற்குள் அரைபட்டிருக்காது. அவள் அடுப்படிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளாக அவளுக்குத் தெரியும். நீங்கள் வரப்போவதும் தெரியும். இல்லாவிட்டால் இன்றைக்குத் தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு எதற்கு, வடை எதற்கு? முருகேஸ்வரி, நிக்காத, போய் எண்ணெயை வை.

என்ன? ‘வச்சாச்சு, நீங்க மொதல்ல பேசி முடிங்க’ என்கிறாள்.

அந்தப் பையை மடக்கி வைத்துவிடுங்கள் தம்பி. புத்தகம் இன்றைக்குக் கிடைக்காது.

இருங்கள், எழுந்திருக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள். இந்த நிலைமையில் இதை எப்படிக் கொடுத்துவிடுவது? அட்டையெல்லாம் பிரித்து மறுபடி மாற்றிப் போட வேண்டும், வலப்பக்கம் திறக்கிற மாதிரி. அந்த ‘நில்’ தாள் போய்விட்டது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. முதுகுப் படம் வராது. வெட்டின ஓரமும் வராது. பைண்டரால் ஒட்ட முடியும், வெட்டினதை வளர்க்க முடியாது. அந்தக் கை, அந்த விளக்கு போனது போனதுதான். ஆனால் அட்டையைச் சரியான பக்கம் போட முடியும். பசை தடவி, கனம் ஏற்றி வைத்து, நன்றாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் நெளிந்துவிடும்.

முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவளையே. எட்டாவதையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், நானே படித்துப் பார்க்க வேண்டும், உங்கள் பேச்சை மட்டும் நம்பி விடுகிறதாக இல்லை. தனியாக வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

மற்றதையெல்லாம் நான் இப்போது பேசவில்லை. எனக்கு ஒரு கதையைச் சரியான பக்கமிருந்து படிக்க இரண்டு தடவை ஆகிறது. அதுவும் தூங்காமல் படித்தால்தான். இன்னொரு தடவை வாருங்கள். பகலிலே வாருங்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பலாம். அவளிடம் அதைச் சொல்லிவிடுங்கள், அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். எழுப்பலாம். யாரும் எழுப்பலாம்.

ஐயோ, வாடை வருகிறதா? பசை அடிப்பிடிக்கிறது. கொஞ்சம் நகருங்கள். அந்தத் தட்டில் நீலமாகப் பொடி இருக்கிறதே, மயில்துத்தம், அதை இப்படிக் கொடுங்கள், அது போடாவிட்டால் பூச்சி தின்றுவிடும். கையில் ஒட்டிக்கொண்டதைத் துடைத்துவிட்டு வடையைத் தொடுங்கள், விஷம் அது. சேவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதைக் கிண்டிவிட்டு வருகிறேன். நடுவில் விடக் கூடாது. ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும், திருப்பிக் கிண்டினால் கட்டி தட்டிவிடும்.